எது உண்மையான வேரியேஷன், எது வெறும் அச்சுக் கோளாறு? பேஸ்பால் கார்டு சேகரிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

டாப்ஸ் என்ற கார்டு கம்பெனி 1990இல் வெளியிட்ட பேஸ்பால் செட்டில், அதாவது கார்டுத் தொகுப்பில், 414ஆம் எண் கார்டு ஃபிராங்க் தாமஸுடையது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த பிறகு, ஆபர்ன் பல்கலைக்கழகச் சீருடையில் எடுத்த படத்தோடு வந்த கார்டு. ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலும் முன்பக்கப் பெயர்ப் பெட்டிக்குள் அவர் பெயர் இருக்கும். மிகச் சில பிரதிகளில் பெட்டி காலி. பெயர் உள்ளது சில டாலருக்குக் கிடைக்கும். பெயர் இல்லாதது நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும்.

இந்த விலை வித்தியாசம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று. ஒரு பெயர் விடுபட்டதற்கு இவ்வளவு விலை என்றால், ஒரு புள்ளி கூடுதலாக விழுந்ததற்கும் ஒரு கோடு மங்கியதற்கும் ஏன் விலை சொல்லக்கூடாது என்று விற்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஏலத் தளங்களில் ‘அரிய எரர்’ (பிழைக் கார்டு), ‘பட்டியலில் இல்லாத வேரியேஷன்’ (ஒரே எண் கார்டின் வேறு வடிவம்) என்று போட்டு விற்கப்படும் கார்டுகளில் பெரும்பகுதி அப்படி எதுவுமே இல்லை. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள்தான் அதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இருக்கும் கார்டை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வரிசை முக்கியம். முதல் இரண்டு படிகளைத் தாண்டாத கார்டுக்காக மற்றப் படிகளில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு புற ஊதா டார்ச், ஓரளவு நல்ல ஸ்கேனர், ஒப்பிட அதே கார்டின் சாதாரணப் பிரதிகள் இரண்டு.

அச்சகத்தில் என்ன நடக்கிறது?

1950களுக்குப் பிந்தைய கார்டுகள் பொதுவாக ஆஃப்செட் முறையில் அச்சானவை. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு மைகளுக்கு நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு. ஒரு பெரிய ஷீட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்டுகள் ஒன்றாக அச்சாகும்; டாப்ஸ் நீண்டகாலம் பயன்படுத்திய ஷீட்டில் 132 கார்டுகள். அச்சான பிறகுதான் தனித்தனியாக வெட்டுவார்கள்.

எனவே ஒரு கார்டு மற்றொன்றிலிருந்து வேறுபட மூன்று இடங்கள் உண்டு: பிளேட் தயாரான இடம், மெஷின் ஓடிய இடம், கார்டு வெளியே வந்த பிறகு கழிந்த வருடங்கள். பிளேட்டே இரண்டு விதமாக அமைக்கப்பட்டிருந்தால் அது வேரியேஷன். வேண்டுமென்றே மாற்றினார்களா, அசிரத்தையால் நேர்ந்ததா என்பது இரண்டாவது கேள்வி. மெஷினில் நேர்ந்தது அச்சுக் கோளாறு. பிறகு நேர்ந்தது சேதம், அல்லது மோசடி. நான் பிடித்துக்கொள்ளும் கோடு இதுதான்.

படி 1: வெளியே வந்த பிறகு நடந்ததா என்று பாருங்கள்

வெயில் பட்ட கார்டில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறும். நீலமும் கருப்பும் தாக்குப்பிடிக்கும். ‘நீலச் சாயல் வேரியேஷன்’ என்று விற்கப்படும் பல கார்டுகள் ஜன்னலோரத்தில் கிடந்தவை.

1969 டாப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அந்த செட்டின் 426 முதல் 512 வரையுள்ள தொடரில் 23 கார்டுகளுக்கு வெள்ளை எழுத்து வடிவம் உண்டு. வழக்கமாக மஞ்சளில் வரும் எழுத்து அவற்றில் வெள்ளையாக இருக்கும். மிக்கி மேன்டிலின் 500ஆம் எண் கார்டும் அதில் ஒன்று என்பதால் விலை எகிறி நிற்கிறது. எழுத்திலிருந்து மஞ்சளை எடுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். படத்தில் உள்ள புல், தோல் நிறம் ஆகியவற்றைச் சாதாரணப் பிரதியோடு ஒப்பிடுங்கள். கார்டு முழுக்க மஞ்சள் வெளிறியிருந்தால் புல் நீலப் பச்சைக்குப் போயிருக்கும்: அது வெயில். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் மேற்பரப்பின் பளபளப்பு மாறியிருந்தால், கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது தெரியும்: அது சுரண்டல் அல்லது ரசாயனம். இரண்டும் இல்லாமல், படத்தின் மஞ்சள் முழுதாக இருந்து எழுத்தில் மட்டும் இல்லை என்றால் மேலே போகலாம்.

சேர்க்கப்பட்டதையும் இதே கண்ணோடு பாருங்கள். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 செட்டில் ஷெர்ரி மெகியின் பெயர் முதலில் ஆங்கில ‘இ’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ’ எழுத்தோடு தவறாக அச்சாகி, பிறகு திருத்தப்பட்டது. ஒரே ஓர் எழுத்து என்பதால் திருத்திய கார்டைத் தவறான கார்டாக மாற்றும் வேலை பலமுறை நடந்திருக்கிறது. இங்கே லென்ஸுக்கு முன்பே கார்டின் பின்பக்கம் பதில் சொல்லிவிடும். தவறான எழுத்துள்ள கார்டுகள் பீட்மான்ட் 150 விளம்பரப் பின்பக்கத்தோடு மட்டுமே வந்தவை. வேறு சிகரெட் பெயர் பின்னால் இருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

புற ஊதா டார்ச் பழைய கார்டுகளுக்கு உதவும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் இப்போதைய ஒளிர்வுப் பொருள் கிடையாது. டி206 என்று சொல்லப்படும் கார்டு இருட்டில் வெள்ளை நீலமாக ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்துக் காகிதம் இல்லை.

படி 2: மெஷினில் நடந்ததா என்று பாருங்கள்

சிவகாசிக் காலண்டரில் சாமியின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுத் தொழிலாளர்கள் அதை ரெஜிஸ்டர் அவுட் என்பார்கள். அமெரிக்கக் கார்டுகளிலும் அதே கதைதான். ஒரு நிறம் அரை மில்லிமீட்டர் விலகினால் படம் இரட்டையாகத் தெரியும், ஓரத்தில் சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். அது வேரியேஷன் இல்லை.

தூசியோ காகிதத் துணுக்கோ ஒட்டிக்கொண்டால் நடுவில் புள்ளியும் சுற்றி வெள்ளை வளையமுமாக ஒரு தடம் விழும். சேகரிப்பவர்கள் ஃபிஷ் ஐ என்று சொல்வது இதைத்தான். மை கூடுதல், மை குறைவு, கோணலாக வெட்டியது, பின்பக்கம் அச்சாகாதது, வேறொருவரின் பின்பக்கம் விழுந்தது எல்லாம் இந்த வகைதான். 1982 டாப்ஸில் கருப்பு மையே இல்லாமல் ஷீட்டுகள் வெளியே போயின. வீரரின் கையெழுத்து கருப்பு மையில் என்பதால் அந்தக் கார்டுகளில் கையெழுத்தே இருக்காது. பார்க்க அருமையாக இருக்கும், விரும்பிச் சேகரிப்பவர்களும் உண்டு. எனக்கும் பிடிக்கும். ஆனாலும் வேறொரு கார்டு தயாரிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. தயாரித்த கார்டில் ஒரு மை விழவில்லை, அவ்வளவுதான்.

படி 3: இன்னொரு பிரதியைத் தேடுங்கள்

ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எதையும் அறிவிக்கக்கூடாது. அதே வித்தியாசம், அதே இடத்தில், அதே அளவில் இன்னொரு பிரதியிலாவது இருக்க வேண்டும். ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகளின் படங்களைத் தேடுங்கள். கார்டுகளைச் சோதித்துத் தரம் குறிக்கும் கிரேடிங் நிறுவனங்களின் படத் தொகுப்புகளையும் பாருங்கள். மலிவான கார்டு என்றால் நூறு பிரதிகளை ஒரே மொத்தமாக வாங்கிப் பிரித்துப் பார்ப்பதே எளிது.

ஆனால் திரும்பத் திரும்ப வருவது மட்டுமே போதாது. பிளேட்டில் ஒரு கீறல் விழுந்தால், அதைத் துடைக்கும்வரை அல்லது மாற்றும்வரை அச்சாகும் எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் கீறல் வரும். ‘நூறு பேரிடம் இருக்கிறதே, அப்படியானால் வேரியேஷன்தானே’ என்று கேட்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நூறு பேரிடம் இருப்பது திரும்ப வரும் அச்சுக் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க அடுத்த படி.

படி 4: விடுபட்ட பகுதியின் வடிவத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர் ஒருவர் பிளேட்டை மாற்றும்போது வடிவமைப்பின் எல்லையை மதிப்பார். ஒரு சொல்லை எடுப்பார், ஒரு வரியைச் சேர்ப்பார், ஒரு படத்தை மாற்றுவார். பாதி எழுத்தை மட்டும் எடுக்க மாட்டார். ஒரு துணுக்குக்கோ கசங்கிய காகிதத்துக்கோ எழுத்து எது, படம் எது, கோடு எது என்று தெரியாது. அது மறைத்த இடமெல்லாம் போகும்.

1958 டாப்ஸின் 433ஆம் எண், பில்லீஸ் வீரர் ஹெரேரா. சில பிரதிகளில் அவர் பெயரின் கடைசி எழுத்தான ஆங்கில ‘ஏ’ இல்லை. பார்த்தவுடன் எழுத்துப் பிழை, பிறகு திருத்தியிருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் மற்றப் பிரதிகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்: ஒன்றில் அந்த எழுத்து முழுதாக இல்லை, மற்றொன்றில் அதன் ஒரு துண்டு தெரிகிறது, இன்னொன்றில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. தட்டச்சுப் பிழை இப்படிப் படிப்படியாகச் சரியாகாது. ஏதோ ஒன்று அங்கே மறைத்திருந்து, அச்சு ஓட ஓட விலகியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். பழைய விலைப் பட்டியல்கள் எல்லாம் அதை வேரியேஷனாக ஏற்றுக்கொண்டுவிட்டன, விலையும் அதற்கேற்பத்தான். என் பெட்டியில் அது அச்சுக் கோளாறு என்ற பிரிவில்தான் இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன ஃபிராங்க் தாமஸும் இதே வரிசைதான். பெயர் கருப்பு மையில் வர வேண்டியது. நீலப் பெட்டி இருக்கிறது, படம் இருக்கிறது, கருப்பு மட்டும் போயிருக்கிறது. ஷீட்டில் தாமஸுக்கு அக்கம்பக்கத்தில் இருந்த கார்டுகளிலும் கருப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்த பிரதிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஷீட்டில் இருந்த வரிசையில் அடுக்கினால், கருப்பு விழாத பகுதி கார்டுகளின் எல்லையைக் கவனிக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவது தெரிகிறது. தாமஸின் பெயர் அந்த வழியில் அகப்பட்டுக்கொண்டது. கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ அதற்குத் தனி லேபிள் கொடுக்கிறது, சேகரிப்போர் உலகமே அதைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். எண்பதுகளுக்குப் பிந்தைய கார்டுகளில் புகழ்பெற்ற அச்சுக் கோளாறு என்று சொல்லிக் கொண்டாடினால் அதன் மதிப்பு எதுவும் குறையப் போவதில்லை.

ஆகவே உங்கள் கார்டில் ஏதாவது விடுபட்டிருந்தால் அந்த செட்டின் வெட்டாத ஷீட் படத்தைத் தேடிப் பிடியுங்கள். ஏல நிறுவனங்கள் அப்படிப்பட்ட ஷீட்டுகளை அவ்வப்போது விற்கின்றன, படங்கள் கிடைக்கும். பக்கத்துக் கார்டு எது என்று தெரிந்தால், அதன் பிரதிகளில் அதே கோளாறின் வால் தெரிகிறதா என்று பாருங்கள். வால் தெரிந்தால் விஷயம் முடிந்தது.

படி 5: பிளேட்டை மாற்ற யாருக்கு என்ன காரணம்?

உண்மையான வேரியேஷனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

டி206இல் ஜோ டாயில் நியூயார்க்கின் அமெரிக்கன் லீக் அணிக்காரர். அதே ஊரின் நேஷனல் லீக் அணியில் லாரி டாயில் இருந்தார். ஆளை மாற்றி, ஜோ டாயிலின் கீழே நேஷனல் லீக் என்று குறித்துவிட்டார்கள். பிறகு அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் விட்டார்கள். குறிப்பு உள்ளவை உலகிலேயே மிகச் சில. அதே செட்டில் ரே டெமிட், பில் ஒஹாரா இருவரும் நியூயார்க்கிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் போனதும் கார்டில் ஊர் மாறியது. மாறிய கார்டுகள் போலார் பேர் புகையிலை விளம்பரப் பின்பக்கத்தோடு மட்டுமே உண்டு. பிழையும் இல்லாமல் திருத்தமும் இல்லாமல், நடந்த செய்தியை அப்படியே பதிவு செய்த வேரியேஷன்கள் இவை.

1974இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணி வாஷிங்டனுக்குப் போகப் போகிறது என்று நம்பி, டாப்ஸ் அந்த அணியின் கார்டுகளில் வாஷிங்டன் என்று அச்சிட்டது. அந்த ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் அதிபர் ரே கிராக் அணியை வாங்கி சான் டியேகோவிலேயே நிறுத்திவிட்டார். டாப்ஸ் கார்டுகளைத் திருத்தியது. வில்லி மெக்கோவிக்கு இரண்டு வடிவமும் உண்டு. ஆனால் அதே அணியின் டேவ் வின்ஃபீல்ட் கார்டு சான் டியேகோ என்று மட்டுமே வந்தது. வாஷிங்டன் வின்ஃபீல்ட் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1979இல் பம்ப் வில்ஸ் ரேஞ்சர்ஸ் வீரர். டாப்ஸின் 369ஆம் எண் கார்டு முதலில் அவரை ப்ளூ ஜேஸ் அணிக்காரர் என்றது, பிறகு திருத்தியது. டான்ரஸ் கம்பெனியின் 1987 ஓப்பனிங் டே செட்டில் பேரி பாண்ட்ஸ் பெயரில் ஜானி ரேயின் படம் வந்து, பின் சரியானது. இவற்றில் வாதத்துக்கே இடமில்லை.

வாதத்துக்கு இடமுள்ளவை ஃபிளீர் கம்பெனியின் 1989 செட்டில் இருக்கின்றன. 616ஆம் எண்ணில் பில்லி ரிப்கன் தோளில் வைத்திருக்கும் மட்டையின் அடியில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது. கார்டு வெளிவந்து செய்தியானதும் ஃபிளீர் அதை மறைக்கத் தொடங்கியது. வெள்ளை பூசியது, வெள்ளைக் கிறுக்கல், கருப்புக் கிறுக்கல், கருப்புப் பெட்டி எனப் பல வடிவங்கள் வந்தன. கருப்புப் பெட்டிதான் அதிகம் கிடைப்பது. ஒவ்வொன்றும் தனியாகச் செய்த மாற்றம், ஆகவே ஒவ்வொன்றும் வேரியேஷன். வீட்டில் பேனாவால் கிறுக்கிய போலிகளும் ஏராளம். லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும்: அச்சான கிறுக்கல் கார்டின் மற்றப் பகுதி போலவே ஒரே சமமான பரப்பில் இருக்கும், பேனா மை மேலே படர்ந்து, அச்சுப் புள்ளிகளின் மீது ஏறி, சாய்த்துப் பிடித்தால் தனியாக மினுங்கும்.

அதே செட்டில் 381, ரேண்டி ஜான்சன். பின்னணியில் மார்ல்போரோ சிகரெட் விளம்பரப் பலகை. அதையும் மறைத்தார்கள், ஆனால் ஒரே அடியாக இல்லை. பலகை தெளிவாகத் தெரியும் கார்டிலிருந்து முழுக் கருப்பு வரை இடையில் பல நிலைகள். சிலர் அவற்றைப் பத்துக்கு மேலாகப் பிரித்து எண்கிறார்கள். நான் அப்படி எண்ண மாட்டேன். மறைப்பின் ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஓரம் நகர்ந்திருந்தால் பிளேட் மாறியிருக்கிறது, தனி வடிவம். ஓரம் அதே இடத்தில் இருந்து அடர்த்தி மட்டும் கூடிக் குறைந்தால் அது அன்றைக்கு மெஷினில் மை எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஒரே ஷீட் கட்டிலேயே அந்த அளவு வேறுபாடு வரும்.

படி 6: திருத்தம் இல்லாமலே இரண்டாகப் பிறந்தவை

காரணம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். 1952 டாப்ஸின் 311ஆம் எண் மிக்கி மேன்டில் ஒரே ஷீட்டில் இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அமைத்ததால் பின்பக்கத்தில் உள்ள பந்தின் தையல் ஒன்றில் ஒரு திசையும் மற்றொன்றில் எதிர்த் திசையும் பார்க்கும். எது முதல், எது திருத்தம் என்ற கேள்வியே இல்லை, இரண்டும் ஒரே மெஷினில் ஒரே நேரத்தில் வந்தவை. என்னைப் பொறுத்தவரை இது முழுமையான வேரியேஷன்.

1958 டாப்ஸின் முதல் தொடரில் 33 கார்டுகளுக்கு மஞ்சள் எழுத்து வடிவம் உண்டு. ஹாங்க் ஆரனின் 30ஆம் எண்ணில் பெயர் மஞ்சள், கிளெமென்டேயின் 52ஆம் எண்ணில் அணியின் பெயர் மஞ்சள். எழுத்தின் எல்லை சுத்தமாக இருக்கிறது, மஞ்சள் முழு எழுத்தையும் நிரப்புகிறது, படி 4இன் சோதனையில் எளிதாகத் தேறிவிடுகிறது. 1962 டாப்ஸின் 110 முதல் 196 வரையுள்ள கார்டுகளில் பச்சைச் சாயல் கொண்ட தனி அச்சு உண்டு. வெறும் சாயல் என்றால் நான் மெஷின் மேல் பழி போட்டிருப்பேன். ஆனால் அவற்றில் சிலவற்றில் வீரரின் படமே வேறு. அதனால் பிளேட் புதிதாகச் செய்யப்பட்டது உறுதி.

படி 7: ஒரே வடிவம்தான் உண்டா?

1957 டாப்ஸின் 20ஆம் எண்ணில் ஹாங்க் ஆரனின் படம் இடவலமாகத் திரும்பி, வலது கை ஆட்டக்காரர் இடது கைக்காரராக நிற்கிறார். அது பிழை. ஆனால் டாப்ஸ் திருத்தவே இல்லை. இருக்கிற எல்லாப் பிரதியும் அப்படித்தான் என்றால் வேறுபடுவதற்கு இரண்டாவது வடிவம் இல்லை. 1969இன் 653ஆம் எண்ணில் அவுரேலியோ ரோட்ரிகஸ் பெயரில் அணியின் பேட் பாய், அதாவது மட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் பையன், நிற்பதும் இப்படியே. ‘எரர் கார்டு’ என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. படம் திரும்பிய பிறகு திருத்திய கார்டு வேண்டுமென்றால் 1982 ஃபிளீரின் ஜான் லிட்டில்ஃபீல்ட், 1989 அப்பர் டெக்கின் டேல் மர்ஃபி இருக்கிறார்கள்.

படி 8: கம்பெனியே திட்டமிட்டு விட்டவை

பேரலல் எனப்படும் தங்க முலாம், ஒளிரும் ரிஃப்ராக்டர் போன்றவை தனித் தயாரிப்புகள். அவற்றை வேரியேஷன் கணக்கில் சேர்க்க வேண்டாம். டாப்ஸ் சில ஆண்டுகளாக அதே எண்ணில் வேறு படம் போட்டு, எண்ணிக்கையைக் குறைத்து விடுகிறது. இவற்றுக்கு வேரியேஷன் என்று கம்பெனியே பெயர் வைத்திருக்கிறது. கண்டுபிடிக்கக் கார்டின் பின்பக்க அடியில் மிகச் சிறிய எழுத்தில் உள்ள குறியீட்டின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள், சாதாரணக் கார்டோடு ஒத்துப்போகாது.

போகிமான் கார்டு வைத்திருப்பவர்களும் இதே படிகளில் நடக்கலாம். ஜங்கிள் தொகுப்பின் ஹோலோ (படம் மினுங்கும்) கார்டுகளில் தொகுப்புச் சின்னம் முழுதாக விடுபட்டு வந்தது பிளேட் அமைப்பில் நேர்ந்தது, அது வேரியேஷன். அதே தொகுப்பின் முதல் பதிப்பு பட்டர்ஃப்ரீயில் முத்திரையின் ‘1’ ஆங்கில ‘டி’ போலத் தெரிவது மையின் கோளாறு.

படி 9: எழுதி வையுங்கள், கேட்டு வாங்குங்கள்

விலைப் பட்டியலிலோ கிரேடிங் லேபிளிலோ இருக்கிறதா என்பது சந்தைக்கான பதில். அதைத் தனியாக எழுதுங்கள். உங்கள் சோதனையின் முடிவைத் தனியாக எழுதுங்கள். ஹெரேராவுக்கு நான் எழுதுவது இப்படி: ‘1958 டாப்ஸ் 433. கடைசி எழுத்து இல்லை. திரும்ப வரும் அச்சுக் கோளாறு, இடைநிலைகள் உண்டு. பட்டியல்களில் வேரியேஷன்.’ விற்கும்போதும் இதையே எழுதுங்கள். வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்று தெரிந்து கொடுப்பார்.

பட்டியலில் இல்லாத ஒன்றை யாராவது விலை சொன்னால், பணம் அனுப்பும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: வித்தியாசம் உள்ள இடத்தின் ஸ்கேன், குறைந்தது 1200 டிபிஐ, அதே இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தது, கார்டின் முழுப் பின்பக்கம். கூடவே அதே வித்தியாசமுள்ள இரண்டாவது பிரதியை எங்காவது பார்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்கினால் அந்தக் கார்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.